தேநீர்க் கெண்டிக்குப் பக்கத்து ஊர்

ஹேசல் பிராக்னெல் ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பிவைத்த ஆள் ஒருவர்கூட இதுவரை கப்பலைத் தவறவிட்டதில்லை. இதை அவள் வாயால் கேட்க முடியாது. சவுத்தாம்ப்டன்காரர்கள் நாங்கள் எங்கள் ஊர் மழையைப் பற்றி வேண்டுமானால் பெருமை பேசுவோம். எங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காது சிவந்துவிடும். ஆனால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் அது.

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் அவள் வீடு. மாடியில் நான்கு அறைகள், எல்லாம் கப்பல் ஏறப் போகிறவர்களுக்கு. கப்பல் யாருக்காகவும் நிற்காது என்பதால் வெளியூர்க்காரர்கள் ஒருநாள் இரண்டுநாள் முன்னதாகவே வந்து இறங்கிவிடுவார்கள். பெட்டியை வைத்ததும் அவர்களுக்கு ஒரு பரபரப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு முழுநாள் கையில் சும்மா கிடக்கிறதே, இங்கிலாந்தில் பார்க்க வேண்டியதை எல்லாம் அதற்குள் பார்த்து முடித்துவிட முடியாதா? லண்டன் அரண்மனையைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் ஸ்டோன்ஹெஞ்சில் போட்டோ எடுத்துக்கொண்டு, பாத் நகரத்தில் டீ குடித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாமா என்று அப்பாவியாகக் கேட்பார்கள். ஹேசல் சிரிக்கமாட்டாள். "நல்ல யோசனைதான்" என்பாள். அதைவிட மோசமான யோசனை உலகத்திலேயே கிடையாது என்று எங்கள் ஊர்ப் பாஷையில் அதற்கு அர்த்தம்.

அப்புறம் காலைச் சாப்பாட்டு மேசையிலேயே பாடம் நடக்கும். தேநீர்க் கெண்டியை நடுவில் நகர்த்தி வைப்பாள், அதுதான் சவுத்தாம்ப்டன். டோஸ்ட்டுகளைச் செருகி வைக்கிற கம்பித் தாங்கி, பெரிய தேவாலயம் இருக்கிற வின்செஸ்டர். உயரமான மிளகுக் குப்பி, சாலிஸ்பரி கோபுரம். அதற்கு அப்பால் சர்க்கரைக் கட்டிகளை வட்டமாக நிறுத்தினால், ஆதிகாலத்துப் பெருங்கற்கள் நிற்கிற ஸ்டோன்ஹெஞ்ச். வெண்ணெய்த் தட்டு, தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வைட் தீவு. லண்டன் என்பது மேசையின் கோடியில் நிற்கும் சாஸ் பாட்டில். "அதை எடுக்கணும்னா எழுந்து நிக்க வேண்டியிருக்கு, பாத்தீங்களா? ஒருநாளைக்கு அது வேண்டாம்" என்பாள். எந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்டுக் குதிரைகள் தெரியும், எந்தக் கடையில் கேக் நேற்றையது, முடியாதவர்களுக்கு வழியில் கழிப்பறை எங்கே என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குளிர்காலத்தில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது தானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவை.

அவள் கணவன் டெரெக் இழுவைப் படகில் வேலை பார்த்தவன். பெரிய கப்பல்களைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் விட்டுவிட்டு, தான் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வருவதுதான் அவன் பிழைப்பு. அவன் போய்ச் சேர்ந்த பிறகு ஹேசலும் ஏறக்குறைய அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

வருஷா வருஷம் செப்டம்பரில் தவறாமல் வருகிறவர் ரேமண்ட் ஹெப்டன். வடக்கே யார்க்‌ஷயரில் ஸ்கிப்டன்காரர். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை வந்தபோது அவர் கையில் இருந்தது இரண்டு பேருக்கான பயணச்சீட்டு. மனைவி ஜோன் ஆசைப்பட்டுப் போட்டுவைத்த பயணம். கப்பல் கிளம்பச் சில மாதம் இருக்கும்போது அவள் கண்ணை மூடிவிட்டாள். கட்டின காசை விட்டுக்கொடுக்க யார்க்‌ஷயர்காரருக்கு மனசு வருமா? தனியாக வந்து வாசலில் நின்றார்.

அடுத்த நாள் காலையில், சர்க்கரைக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஹேசலின் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல எங்க ஊரு எங்கங்க வரும்?" என்று கேட்டார்.

"ஸ்கிப்டனா? அடடா, அதுக்கு இந்த மேசை பத்தாதே."

அவர் எழுந்துபோய்த் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "அப்ப இங்க இருக்கட்டும்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனதை ஹேசல் பார்த்தாள். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவர் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே கண்ணாடிக் கூடு ஜன்னலுக்குப் போய்விடும்.

ஹேசலுக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்வானேன்? ஆகஸ்ட் பிறந்தாலே கறிக்கடைக்காரரிடம் கறுப்பு ரத்தச் சாசேஜுக்குச் சொல்லி வைத்துவிடுவாள், அவருக்குப் பிடிக்கும் என்று. அவர் தங்கும் அறைக்கு மட்டும் புதுத் திரைச்சீலை தைத்தாள். ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் அவரை மிஸ்டர் ஹெப்டன் என்பதும், அவர் அவளை மிசஸ் பிராக்னெல் என்பதும் ஒரு அங்குலம் நகரவில்லை.

இந்த வருஷம் அறைக்குச் சொல்லப் போன் செய்தவர், கடைசியில் ஒன்று சொன்னார்.

"இந்தத் தடவையோட முடிச்சுக்கலாம்னு இருக்கேன், மிசஸ் பிராக்னெல். முட்டி ரெண்டும் மக்கர் பண்ணுது. அபெர்டீன்ல இருக்கிற என் பொண்ணு, வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துடுங்கப்பான்னு நச்சரிக்கிறா."

"அப்படியா! ரொம்ப நல்லதாப் போச்சு உங்களுக்கு" என்றாள் ஹேசல். போனை வைத்தவள், அடுப்படியில் கெட்டில் கொதித்து அணைந்து ஆறிப்போகும் வரைக்கும் அதே இடத்தில் நின்றாள். அபெர்டீன் ஸ்காட்லாந்தின் கோடியில் இருக்கிறது. ஜன்னலைத் தாண்டி, தெருவைத் தாண்டி எங்கே வைத்தாலும் அந்த ஊருக்கு இடம் போதாது.

கடைசித் தடவையாவது மறக்கவே முடியாத மாதிரி அவரை அனுப்ப வேண்டும் என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். முட்டி வலிக்காரர் ஆயிற்றே என்று, படி தாழ்வாக இருக்கிற பஸ் எது என்று நிறுத்தத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். சாலிஸ்பரியில் கோபுரம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம், பிறகு ஸ்டோன்ஹெஞ்ச், திரும்பும்போது ஆற்றங்கரையில் ஒரு பழைய மதுக்கடை. எல்லாம் தயார். நீங்களும் வாங்களேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவள் கோட்டு வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தானாக நானும் வரட்டுமா என்று கேட்பதா? அதற்குப் பதில் துறைமுகத்தில் குதிக்கச் சொன்னால் குதித்துவிடுவாள்.

அவர் வந்தார். மறுநாள் காலையில் கெண்டி நடுவில் நகர்ந்தது, மிளகுக் குப்பி எழுந்தது, சர்க்கரைக் கட்டிகள் வட்டமாக நின்றன. ஹெப்டன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுக்கிறேன்."

"சிரமமா? இதுல என்ன இருக்கு?"

"நீங்க..." என்று ஆரம்பித்தார். ஹேசலின் கண் வாசலில் தொங்கிய கோட்டுக்குப் போனது.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. மழை வரும்னு நெனைக்கிறீங்களா?"

"வந்தாலும் வரும்" என்றாள் ஹேசல். சீஸும் ஊறுகாயும் வைத்த சாண்ட்விச் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள்.

மாடிப்படியில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள் டனூட்டா. போலந்துக்காரி; தினமும் காலையில் வந்து படுக்கைகளை மாற்றி வீட்டைத் துடைத்துப் போகிறவள். மனசில் இருப்பதை அப்படியே வாயால் சொல்லிவிடுகிற விசித்திரமான பழக்கம் அவளுக்கு. ஹெப்டன் தொப்பியைத் தொட்டு, "வரேன் கண்ணு" என்று அவளிடம் சொன்னார். ஹேசல் பக்கம் திரும்பி, "சாயங்காலம் பாக்கலாம், மிசஸ் பிராக்னெல்" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

"கவனிச்சியா?" என்றாள் டனூட்டா. "என்னையும் கண்ணுங்கறார். தபால்காரனையும் கண்ணுங்கறார். எதிர்வீட்டுப் பூனையக்கூட நேத்து கண்ணுன்னுதான் கூப்பிட்டார். உன்னை மட்டும் மிசஸ் பிராக்னெல்."

"வடக்கத்திக்காரங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"அதைத்தான் சொல்றேன். எல்லாரையும்!"

"அவர் மரியாதை தெரிஞ்சவர், டனூட்டா."

"மரியாதையாம். அதுக்குப் பேரு பயம்" என்று டனூட்டா மறுபடியும் இயந்திரத்தைப் போட்டாள்.

வேலை முடித்து வீட்டுக்குப் போனவள், மத்தியானம் கொட்டுகிற மழையில் குடையோடு திரும்பி வந்து நின்றாள்.

"ஹேசல், ஸ்டோன்ஹெஞ்சை நம்ம துறைமுகத்து மேஃப்ளவர் பார்க்குக்கு மாத்திட்டாங்களா என்ன?"

"என்ன உளர்றே?"

"உன் மிஸ்டர் ஹெப்டன் அங்கதான் உக்காந்திருக்கார். அந்தக் கூரைக்குக் கீழ இருக்கிற பெஞ்சுல. நீ குடுத்த சாண்ட்விச்சைத் தின்னுக்கிட்டு, தண்ணியப் பாத்துக்கிட்டு."

"பஸ்ஸை விட்டிருப்பார் பாவம்."

"போன வருஷமும் பஸ்ஸை விட்டாரா? போன வருஷமும் அதே பெஞ்சுலதான் பாத்தேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"இந்த ஊர்ல எதையும் சொல்லக் கூடாதுன்னு நீதானே எனக்குப் பாடம் எடுத்தே!"

ஹேசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிற்று. அந்த மனுஷனுக்கு ஊர் சுற்றவே பிடிக்கவில்லை. பிடிக்காததை அவர் தலையில் வருஷா வருஷம் கட்டியிருக்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் இவள் மனசு நோகுமே என்று, நல்ல மனுஷன், வலிக்கிற முட்டியோடு ஈரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். கடைசி வருஷமும் விரட்டியாயிற்று. நாளைக்குக் கப்பல்.

"போய்க் கேளேன்" என்றாள் டனூட்டா.

"கேக்கிறதா? அதை எப்படிக் கேக்கிறது?"

"வாயால!"

சாயங்காலம் ஹெப்டன் வந்தார். அவர் ஷூவில் ஒரு பொட்டு சேறு இல்லை. ஸ்டோன்ஹெஞ்சில் மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு என்பது ஹேசலுக்குத் தெரியாதா?

"எப்படி இருந்தது?"

"பிரமாதம், மிசஸ் பிராக்னெல். கல்லெல்லாம் அப்படியே இருக்கு. காக்காகூட நிறைய இருந்துச்சு."

"கோபுரம் தெரிஞ்சுதா, சாப்பிடறப்போ?"

"நல்லாத் தெரிஞ்சுது. மேல கொஞ்சம் மேகம்."

"ரொம்பச் சந்தோஷம்" என்றாள் ஹேசல். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சூப்பைக் குடித்தார்கள்.

மறுநாள் காலையில் ஹெப்டன் கண்ணாடிக் கூட்டை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, மேசை நடுவில் கெண்டி மட்டும் இருந்தது. சர்க்கரைக் கட்டிகள் கிண்ணத்தை விட்டு வெளியே வரவில்லை. வழக்கமாகக் கிளம்புகிற நாளில் வின்செஸ்டருக்கு ஒரு சின்ன நடை இருக்கும். அவர் டோஸ்ட் தாங்கியைப் பார்த்தார், ஹேசலைப் பார்த்தார், காத்திருந்தார்.

"இன்னைக்குத் திட்டம் ஒண்ணும் போடலை, மிஸ்டர் ஹெப்டன். நீங்க உங்க இஷ்டப்படி இருந்துக்கலாம்." அவரை விடுதலை செய்வதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டாள். விடியற்காலையிலிருந்து மனப்பாடம் செய்துவைத்த வாக்கியம் அது.

அவர் முகத்தில் விளக்கு அணைந்தது. "ஆமாமா. நியாயந்தானே. உங்களுக்கும் எவ்வளவு வேலை இருக்கும்." டோஸ்ட்டை மென்று விழுங்கினார். "நான் வேணா இப்பவே துறைமுகத்துக்குப் போயிடறேன். இங்க இருந்து எதுக்கு உங்களுக்கு இடைஞ்சல்?"

"இடைஞ்சல் எல்லாம் ஒண்ணுமில்ல."

"இல்ல இல்ல. போயிடறேன்" என்று உட்கார்ந்தபடியே டாக்ஸிக்குப் போன் செய்தார்.

அவர் எழுந்தார். கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். விளிம்பு வெறுமையாக இருந்தது. இனி எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்த கணத்தில், ஹேசல் தன் வாழ்நாளிலேயே யாரிடமும் செய்யாத மரியாதைக்குறைவைச் செய்தாள்.

"நேத்து நீங்க ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போகவே இல்லை."

மாடிப்படியில் தூசி உறிஞ்சும் இயந்திரம் நின்றுபோனது.

"இல்ல" என்றார் ஹெப்டன்.

"போன வருஷம்?"

"இல்ல."

"அதுக்கு முந்தி?"

"முதல் வருஷம் போனேன். சத்தியமா. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கல்லுதானேங்க? எங்க ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?"

"பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் பாட்டுக்கு உங்களை மழையில விரட்டிக்கிட்டு..."

"பிடிக்கலைன்னு யார் சொன்னா?" அவர் குரல் உயர்ந்தது, உயர்ந்ததைக் கேட்டு அவரே பயந்து தாழ்த்திக்கொண்டார். "நான் இங்க வர்றதே அதுக்குத்தான். போறதுக்கு இல்ல. நீங்க அதையெல்லாம் எடுத்து அடுக்குவீங்களே, அதுக்கு. ஜோன் போனப்புறம் எல்லாரும் எங்கிட்ட அவளைப் பத்தியேதான் பேசினாங்க. நாளைக்குன்னு ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலை. நீங்கதான் என் முகத்தைப் பாத்து, பஸ்ல இடது பக்கமா உக்காருங்க, குதிரை தெரியும்னீங்க."

ஹேசலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "அப்ப கப்பல்?" என்றாள்.

"ஐயோ, கப்பலா? ஏறின அன்னைக்கே குமட்டல்ல படுத்துடுவேன். நார்வேல மலையெல்லாம் அழகா இருக்காமே. நான் பாத்ததெல்லாம் வாளிதான்."

"பின்ன எதுக்கு வருஷா வருஷம் ஏறுறீங்க?"

"கப்பல் ஏறப் போறவங்களுக்குத்தானே உங்க வீடு? கப்பலும் இல்லாம கிப்பலும் இல்லாம ஒருத்தன் வந்து ரூம் கேட்டா நீங்க என்ன நெனைப்பீங்க?"

"கடவுளே!" என்று மாடிப்படியிலிருந்து டனூட்டாவின் குரல் கேட்டது. "இத்தனை வருஷமா!"

"நீங்களும் வாங்கன்னு நீங்க ஒரு தடவை கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேன்" என்றாள் ஹேசல். சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. "கோட்டுகூட வாசல்லதான் மாட்டியிருந்தேன்."

"நான் பாத்தேன். நீங்க வேற எங்கேயோ கிளம்புறீங்கன்னு நெனைச்சேன்."

வெளியே டாக்ஸி ஹாரன் அடித்தது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம். ஹேசல் துள்ளி எழுந்துவிட்டாள். "வந்துடுச்சு! உங்க பெட்டி, பாஸ்போர்ட், மாத்திரை எல்லாம் எடுத்தாச்சா? மத்தியானத்துக்குள்ள நீங்க..." என்று நாக்கு தன்பாட்டில் கடமையைச் செய்துகொண்டே போய், நடுவில் நின்றது.

ஹெப்டன் நகரவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டுக் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். ஜன்னலுக்குப் போகவில்லை. மேசைக்கு வந்து, தேநீர்க் கெண்டியை ஒட்டி, அதில் முட்டுகிற மாதிரி வைத்தார்.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அபெர்டீன்?" என்று கேட்டாள் ஹேசல் மெதுவாக.

"பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன். அவளுக்கு என் முட்டிய நெனைச்சுத்தான் கவலை. உங்க வீட்டு மாடிப்படியும் கொஞ்சம் செங்குத்தாத்தான் இருக்கு."

"கீழயும் ஒரு ரூம் இருக்கு" என்றாள் ஹேசல். காது இரண்டும் சிவந்துவிட்டன.

ஹாரன் மறுபடியும் அடித்தது. ஹெப்டன் வாசலுக்குப் போய் டிரைவர் கையில் வந்துபோன கூலியைத் திணித்து, "மன்னிச்சுக்கோ கண்ணு, ஆள் வரலை" என்று சொல்லி அனுப்பினார். கட்டின காசில் ஒரு காசு திரும்பி வராத கப்பல் பயணத்தை ஒரு யார்க்‌ஷயர்காரர் அப்படி விட்டுவிட்டுத் திரும்பி வருவதை டனூட்டா படியில் நின்று வாய் பிளந்து பார்த்தாள். பிறகு இயந்திரத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, மாடி அறைகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அவளுக்கும் நாசூக்கு வந்திருந்தது.

சாயங்காலத்துக்கு முன்னால் இருவரும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு எங்கே போவது என்று பேச்சு. வெண்ணெய்த் தட்டு வேண்டாம், அதற்குப் படகில் போக வேண்டும், அவருக்கு ஒத்துக்கொள்ளாது. சர்க்கரைக் கட்டிகளை ஹேசல் ஏற்கெனவே வட்டமாக நிறுத்தியிருந்தாள். அவளோடு போனால் கல்லையும் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அவர் ஒத்துக்கொண்டிருந்தார்.

அப்போது கப்பல் ஊதியது. எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஜன்னல் கண்ணாடியும் அதிரும்படி நீளமாக ஊதியது. கோப்பைகள் தட்டில் கிணுகிணுத்தன. டெரெக் இருந்த நாளிலிருந்து இந்தச் சத்தம் கேட்டாலே யாரோ போகிறார்கள் என்றுதான் ஹேசலுக்கு அர்த்தம்.

"உங்க கப்பல்" என்றாள்.

"நல்லபடியாப் போயிட்டு வரட்டும்."

"நான் அனுப்பினவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் கப்பலை விட்டதே இல்லை, தெரியுமா?" தன்னைப் பற்றி அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் பெருமை அது. சொல்லும் நேரம் பார்த்து அது உடைந்தும் போயிருந்தது.

"இப்பவும் இல்லையே" என்றார் அவர். "என்னை நீங்க அனுப்பவே இல்லையே, ஹேசல்."

ஹேசல் ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து இரண்டு கல்லை எடுத்து அவர் கோப்பையில் போட்டு, கலக்கிக் கொடுத்தாள்.